அந்தக் குப்பை லாரி ஏன் அங்கே போனது?

1978 கோடைக்காலம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு டேங்கர் லாரி, ராத்திரி வேளைகளில், ஊர்ப்புறச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. டேங்கரின் வால்வைத் திறந்துவிட்டுக்கொண்டே போவார்கள். உள்ளே இருந்த எண்ணெய் சாலையோர மண்ணில் ஒரு கோடாக வழிந்துகொண்டே வரும். டேங்கர் காலியானதும் திரும்பிப் போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வருவார்கள். இப்படியே 14 கவுண்டிகளில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), 200 மைலுக்கும் அதிகமான சாலையோரத்தில், சுமார் 31,000 காலன் எண்ணெயைக் கொட்டி முடித்தார்கள். நம் கணக்கில் 1,17,000 லிட்டர்.

அந்த எண்ணெயில் பி.சி.பி. என்ற ரசாயனம் இருந்தது. மின்சார டிரான்ஸ்பார்மர் சூடேறாமல் இருக்க அந்தக் காலத்தில் ஊற்றியது இதைத்தான். எளிதில் தீப்பிடிக்காது, லேசில் கெடாது; அதுதான் அதன் அருமை, அதுவேதான் அதன் ஆபத்தும். மண்ணில் விழுந்தால் மக்காது. மீனின் கொழுப்பில் சேரும், மீனைத் தின்பவரின் கொழுப்பிலும் சேரும். ஈரலைப் பாதிக்கும், புற்றுநோயோடும் தொடர்புண்டு. அமெரிக்க அரசு 1979இல் அதன் உற்பத்திக்கே தடை போட்டது. அதற்கு முன்பே, கழிவான பி.சி.பி. எண்ணெயை முறைப்படிதான் அப்புறப்படுத்த வேண்டும் என்று விதிகள் வந்துவிட்டன. முறைப்படி என்றால் செலவு. டிரான்ஸ்பார்மர் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனி அந்தச் செலவை மிச்சம்பிடிக்கப் பார்த்தது. சாலையோரம் யாருடையதும் இல்லையே! லாரிக்காரர்கள் பிடிபட்டார்கள், சிறைத் தண்டனையும் விழுந்தது. கதை அங்கே முடிந்திருந்தால் இன்றைக்கு யாருக்கும் நினைவிருக்காது.

மாநில அரசுக்கு இப்போது ஒரு தலைவலி. விஷம் ஊறிய சாலையோர மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுமார் 60,000 டன் மண். எடுத்து எங்கே கொட்டுவது?

அரசு பொறுக்கியெடுத்த இடம் வாரன் கவுண்டியில் ஆஃப்டன் என்ற சிற்றூர். நூறு கவுண்டிகள் உள்ள மாநிலத்தில் வருமானத்தில் கடைசி வரிசையில் இருந்த கவுண்டி அது. மக்களில் 60 சதவீதத்துக்கும் மேல் கறுப்பினத்தவர். ஆஃப்டன் பக்கம் இன்னும் கூடுதல். சரி, ஏழைகள் இருக்கிறார்கள் என்பதற்காக ஓர் இடம் தகுதியற்றதாகிவிடாது. மண்ணும் பாறையும் தோதாக இருந்தால் அங்கேயே புதைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஆனால் மண் தோதாக இல்லை. விதிப்படி, குழியின் அடிப்பகுதிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 50 அடி இருக்க வேண்டும். ஆஃப்டனில் சுமார் பத்தடியிலேயே தண்ணீர். ஊர்க்காரர்கள் குடித்ததெல்லாம் கிணற்றுத் தண்ணீர். மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்த விதிக்கு விலக்குத் தந்து அனுமதி கொடுத்தது.

இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இனநீதியும் சுற்றுச்சூழலும் தனித்தனி சங்கதிகள் என்று நினைப்பவர்களுக்கு, அந்தப் பத்தடித் தண்ணீரே போதுமான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. இடம் தேர்ந்தெடுத்ததில் நிலவியல் தோற்றிருக்கிறது. அப்படியானால் வேறெதோ ஒன்று ஜெயித்திருக்கிறது.

நான்கு வருடம் மனு, கூட்டம், வழக்கு என்று போனது. தொடக்கத்தில் போராடியவர்களில் வெள்ளையின விவசாயிகளும் இருந்தார்கள். கிணறு எல்லோருக்கும் கிணறுதானே. வழக்குகள் எடுபடவில்லை. 1982 செப்டம்பர் 15 அன்று முதல் லாரி வந்தது. கோலி ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடியவர்கள் ஜெபம் செய்துவிட்டு, பாடிக்கொண்டே நடந்து போய், லாரிகள் வரும் சாலையில் படுத்துக்கொண்டார்கள். பாட்டிமார், பள்ளிக்கூடப் பிள்ளைகள், போதகர்கள் எல்லோரும் இருந்தார்கள். போலீஸ் ஒவ்வொருவராகக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போய் வண்டியில் ஏற்றியது. ஆறு வாரத்தில் 500 பேருக்கு மேல் கைது. முன்னணியில் நின்ற டாலி பர்வெல் மட்டும் ஐந்து முறை கைதானார். வாஷிங்டனிலிருந்து வந்த வால்டர் ஃபான்ட்ராய் என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் கைதானார்.

லாரிகள் நிற்கவில்லை. மண் முழுவதும் ஆஃப்டனுக்குத்தான் போனது. ஆனால் அதே ஆண்டுத் தேர்தலில் கவுண்டி நிர்வாகக் குழு கறுப்பின மக்களின் கைக்கு வந்தது. ஈவா கிளேட்டன் அதன் தலைவரானார். பத்து வருடம் கழித்து, வட கரோலினாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண் அவர்தான். குப்பைக்குழியை எதிர்த்துச் சாலையில் படுத்தவர்கள் வாக்குச்சாவடி வரிசையிலும் நின்றார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வாரன் கவுண்டிக்காரர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் சொன்னதும் அதுதான்: எங்களிடம் அதிகாரம் இல்லை என்று தெரிந்துதான் இங்கே கொண்டுவந்தார்கள்.

அந்த நாட்களில் அங்கே போராடிய பெஞ்சமின் சாவிஸ் என்ற போதகர்தான், பிற்பாடு இந்தப் போக்குக்கு 'சூழல் இனவாதம்' என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். வாரன் கவுண்டிக்கு மூன்று வருடம் முன்பே ஒருவர் அந்த வேலையைத் தொடங்கியிருந்தார். டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில், கறுப்பின நடுத்தர வர்க்கத்தினர் சொந்த வீடு வாங்கிக் குடியிருந்த நார்த்வுட் மேனர் என்ற பகுதியில் ஒரு குப்பைக்கிடங்கு வரவிருந்தது. குடியிருந்தவர்களுக்காக 1979இல் வழக்குப் போட்டவர் லிண்டா மெக்கீவர் புல்லார்ட் என்ற வக்கீல். அவருடைய கணவர் ராபர்ட் புல்லார்ட் சமூகவியல் ஆசிரியர். நகரின் குப்பைக்கிடங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எனக்கு ஒரு கணக்கு வேண்டும் என்று மனைவி கேட்க, கணவர் மாணவர்களை அழைத்துக்கொண்டு கிளம்பினார். கணினியில் தட்டினால் வரைபடம் வரும் காலம் இல்லை அது. பழைய கோப்புகளைப் புரட்டினார்கள், வண்டியில் சுற்றினார்கள். ஹூஸ்டன் தட்டைத் தரை. அதனால் எங்காவது மேடு தெரிந்தால் உடனே சந்தேகப்படுவோம் என்று புல்லார்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேடு என்றால் அடியில் குப்பை.

கணக்கு இப்படி வந்தது. நகராட்சியின் ஐந்து குப்பைக்கிடங்குகளில் ஐந்துமே கறுப்பினக் குடியிருப்புகளில். எட்டுக் குப்பை எரிப்பு உலைகளில் ஆறு அங்கேதான். நகரத்தில் அவர்கள் தொகை சுமார் கால்வாசி.

இவ்வளவு இருந்தும் வழக்கு தோற்றது. காரணம், சட்டம் கேட்டது வேறு கேள்வி. பாதிப்பு யாருக்கு என்று அது கேட்கவில்லை. நிறத்தைப் பார்த்து வேண்டுமென்றே செய்தார்கள் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது. எந்த அதிகாரி கோப்பில் அப்படி எழுதிவைப்பார்? அமெரிக்கச் சூழல் நீதி வழக்குகள் பலவும் இன்றுவரை இடறி விழும் இடம் இதுதான்.

வாரன் கவுண்டியில் கைதான ஃபான்ட்ராய் சும்மா இருக்கவில்லை. நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகத்தை ஆய்வு செய்யச் சொன்னார். தென்கிழக்கு மாநிலங்களில் இருந்த நான்கு பெரிய நச்சுக்கழிவுக் கிடங்குகளில் மூன்று, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள ஊர்களில் இருக்கின்றன என்று 1983இல் அறிக்கை வந்தது. அப்புறம் 1987இல் ஐக்கிய கிறிஸ்து சபையின் இனநீதி ஆணையம் நாடு முழுவதற்கும் அஞ்சல் குறியீடு வாரியாகக் கணக்கெடுத்தது. வணிக நச்சுக்கழிவு நிலையம் இல்லாத பகுதிகளில் வெள்ளையர் அல்லாதவரின் பங்கு சராசரியாக 12 சதவீதம். ஒரு நிலையம் இருந்தால் 24. ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, நாட்டின் ஐந்து மாபெரும் கிடங்குகளில் ஒன்று இருந்தாலோ, 38. வருமானத்தையும் வீட்டு விலையையும் சேர்த்துப் பார்த்தபோதும் எல்லாவற்றையும்விட வலுவாக நின்றது இனம்தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது அபத்தமான வாதமும் இல்லை. கிடங்கு முதலில் வந்திருக்கலாம். அதனால் நிலம் மலிவாகி, மலிவு வீடு தேடி ஏழைகள் வந்திருக்கலாம். அப்படியானால் குற்றவாளி சந்தை, இனவெறி அல்ல. இதை ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் விவாதித்தார்கள். பால் மொஹாய், ராபின் சாஹா இருவரும் முப்பது வருடத் தரவுகளை எடுத்து, கிடங்கு வந்த நாளுக்கு முன்னும் பின்னும் அந்த ஊரில் யார் இருந்தார்கள் என்று பார்த்து, 2015இல் வெளியிட்டார்கள். முதலில் இருந்தது மக்கள்தான். கிடங்கு அவர்களைத் தேடி வந்தது என்பதற்கே சான்று வலுவாக இருந்தது. வந்த பிறகு சந்தையும் தன் பங்குக்கு வேலை செய்யும், அதையும் மறுக்க வேண்டியதில்லை.

தேடி வந்தது என்று சொன்னேன். எப்படித் தேடுகிறார்கள் என்பதற்கு எழுத்திலேயே ஒரு சாட்சி கிடைத்தது. கலிபோர்னியாவின் கழிவு மேலாண்மை வாரியம், குப்பை எரிப்பு உலைகளுக்கு மக்கள் எதிர்ப்பு எங்கே குறைவாக இருக்கும் என்று கண்டுபிடித்துத் தரச்சொல்லி ஒரு ஆலோசனை நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது. 1984இல் வந்த அந்த அறிக்கை வளைத்துப் பேசவில்லை. குறைந்த வருமானம், குறைந்த படிப்பு, வயதானவர்கள், சிற்றூர். இப்படிப்பட்ட இடங்களில் எதிர்ப்புக் குறைவு என்று சொன்னது. இனம் என்ற சொல்லை அது பயன்படுத்தவில்லை. பயன்படுத்த வேண்டிய அவசியமும் இல்லையே.

அதே கலிபோர்னியாவில் கெட்டில்மேன் சிட்டி என்ற ஊர். பெயரில்தான் சிட்டி. ஆயிரத்துச் சொச்சம் பேர், ஏறக்குறைய எல்லோரும் மெக்சிகோ வம்சாவளி விவசாயக் கூலிகள். பக்கத்து மலையில் ஏற்கெனவே பெரிய நச்சுக்கழிவுக் கிடங்கு. அதோடு நச்சுக்கழிவு எரிக்கும் உலையும் வரப்போகிறது என்பது 1988இல் வெளியாளர் ஒருவர் சொல்லித்தான் ஊருக்கே தெரிந்தது. திட்டத்தின் சூழல் அறிக்கை சுமார் ஆயிரம் பக்கம், முழுக்க ஆங்கிலம். ஊரில் ஐந்தில் இரண்டு பேருக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். ஸ்பானிஷில் கொடுங்கள் என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். படிக்க முடியாத அறிக்கை மீது எப்படிக் கருத்துச் சொல்வது என்று ஊர் நீதிமன்றத்துக்குப் போனது, 1991இல் ஜெயித்தது, 1993இல் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. 2020இல் இந்திய அரசு சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டுவிட்டு எல்லோரும் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டது. டெல்லி உயர்நீதிமன்றம் 22 மொழிகளிலும் கொடுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அதைப் பார்த்தவர்களுக்குக் கெட்டில்மேன் சிட்டி ஒன்றும் தூரமாகத் தெரியாது.

இதுவரை சொன்னதெல்லாம் அநீதியின் கதை. இதில் பூமியைக் காப்பாற்றும் பேச்சு எங்கே வருகிறது?

நான் புரிந்துகொண்டது இப்படி. ஒரு தொழிற்சாலை கழிவை உண்டாக்குகிறது. அதற்கு இரண்டு வழி. ஒன்று, கழிவே குறையும்படி தயாரிக்கும் முறையை மாற்றுவது. இது செலவு பிடிக்கும். இரண்டு, எங்காவது கொண்டுபோய்க் கொட்டுவது. கொட்டும் இடத்தில் கேள்வி கேட்க ஆள் இல்லையென்றால் இரண்டாவது வழி எப்போதும் மலிவு. மலிவாக இருக்கும்வரை முதல் வழியை யாரும் யோசிக்கவே மாட்டார்கள். ஆக, கேட்பாரற்ற ஊர் என்பது மாசுக்குக் கொடுக்கும் மானியம். நம் தெருவில் கொட்ட முடியாத ஒன்றை அவர்கள் தெருவில் கொட்ட முடிகிறது என்பதால்தான் அந்தப் பொருள் அந்த விலைக்குக் கடையில் கிடைக்கிறது. இனப் பாகுபாடு மாசின் பக்கவிளைவு என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. பாகுபாடு இருப்பதால்தான் மாசு இவ்வளவு பெருகக் கட்டுப்படியாகிறது.

இதை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். வாரன் கவுண்டிக்குப் பிறகு, எண்பதுகளில் ஊருக்கு ஊர் எதிர்ப்பு கிளம்பியது. புதிதாக நச்சுக்கழிவுக் கிடங்கு திறப்பது அமெரிக்காவில் மிகக் கடினமாகிவிட்டது. விதிகளும் இறுகின, கொட்டும் கூலியும் ஏறியது. அப்போதுதான் கம்பெனிகள் கழிவைக் குறைப்பது பற்றிப் பேசத் தொடங்கின. 1984இல் நச்சுக்கழிவுச் சட்டத்தைத் திருத்தியபோது கழிவைக் குறைப்பதே நாட்டின் கொள்கை என்று எழுதினார்கள். சாலையில் படுத்த பாட்டிமார் ஆஃப்டனைக் காப்பாற்றவில்லை. ஆனால் வேறு எத்தனையோ குழிகள் வெட்டப்படாமல் போனதில் அவர்களுக்குப் பங்குண்டு.

அன்றைய பெரிய சூழல் அமைப்புகள் இதைப் புரிந்துகொள்ள நேரம் எடுத்தன. அவற்றுக்குச் சூழல் என்றால் ரெட்வுட் மரக் காடு, கழுகு, மலையருவி. 1990இல் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த தென்மேற்கு ஒருங்கிணைப்புத் திட்டம் என்ற அமைப்பு பத்துப் பெரிய சூழல் அமைப்புகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது: உங்கள் நிர்வாகக் குழுவில் எங்கள் ஆட்கள் எங்கே, நீங்கள் காப்பாற்றும் இயற்கைக்குள் நாங்கள் இல்லையா? மறுவருடம் அக்டோபரில் வாஷிங்டனில் கறுப்பின, பூர்வகுடி, லத்தீன், ஆசிய அமெரிக்கத் தலைவர்களின் முதல் சூழல் மாநாடு கூடி 17 கொள்கைகளை வகுத்தது. நாம் வசிக்கும் இடம், வேலை செய்யும் இடம், விளையாடும் இடம். அதுதான் சுற்றுச்சூழல் என்ற விளக்கம் அப்போது பரவியதுதான். எங்கள் ஊரில் வேண்டாம் என்பது நின்று, எந்த ஊரிலும் வேண்டாம் என்று கேட்கத் தொடங்கியதும் அப்போதுதான். 1994 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் 12898 எண்ணுள்ள உத்தரவில் கையெழுத்துப் போட்டார்: மத்திய அரசின் ஒவ்வொரு துறையும் தன் முடிவுகளால் ஏழைகளுக்கும் சிறுபான்மையினருக்கும் கூடுதல் பாதிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

குப்பை கண்ணுக்குத் தெரியும். வெயில்? அதிலும் இனம் இருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகத் தோன்றும். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டது. எங்கே கடன் கொடுத்தால் பணம் திரும்பும் என்று பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கு நிறம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி என்றால் அநேகமாகச் சிவப்பு. சிவப்பில் வங்கிக் கடன் கிடைக்காது. கடன் இல்லாத இடத்தில் பூங்கா வராது, சாலையோர மரம் வராது. மலிவு நிலம் என்று நெடுஞ்சாலையும் கிடங்கும்தான் வரும். தார், சிமென்ட், தகரக் கூரை. 2020இல் ஆராய்ச்சியாளர்கள் 108 நகரங்களின் அந்தப் பழைய வரைபடங்களையும் செயற்கைக்கோள் எடுத்த வெப்ப அளவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். 94 சதவீத நகரங்களில் சிவப்புப் பகுதிகள் கூடுதல் சூடு. சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ். சில ஊர்களில் வித்தியாசம் 7 டிகிரி வரை. தொண்ணூறு வருடத்துக்கு முன் ஒரு குமாஸ்தா தீட்டிய சிவப்பு மை இன்னும் கொதிக்கிறது. வெப்ப அலை வரும்போது முதலில் விழுவது யார் என்பதை அந்த வரைபடத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

இன்னொரு ஆய்வு, 2019இல் வந்தது, எனக்கு மறக்கவில்லை. பொருள்களை வாங்குவதால் உண்டாகும் நுண்துகள் மாசு எவ்வளவு, சுவாசிக்கும் மாசு எவ்வளவு என்று இரண்டையும் கணக்கிட்டது. கறுப்பின அமெரிக்கர்கள் தாங்கள் உண்டாக்குவதைவிட 56 சதவீதம் கூடுதலாகச் சுவாசிக்கிறார்கள். லத்தீன் மக்கள் 63 சதவீதம் கூடுதலாக. வெள்ளையர்கள் தாங்கள் உண்டாக்குவதைவிட 17 சதவீதம் குறைவாக. செலவு செய்பவர் ஒருவர், இருமுபவர் ஒருவர்.

லூயிசியானாவில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். பேட்டன் ரூஜ் நகருக்கும் நியூ ஆர்லியன்சுக்கும் இடையே மிசிசிப்பி ஆற்றின் கரையில் சுமார் 85 மைல், வரிசையாகப் பெட்ரோ ரசாயன ஆலைகள். புற்றுநோய்ச் சந்து என்று பெயர். இந்த ஆலைகள் நிற்பதெல்லாம் பழைய கரும்புத் தோட்டங்கள். அடிமைகள் விடுதலையானதும் அதே தோட்டத்தின் ஓரத்தில் குடியேறினார்கள். பின்னாளில் தோட்டத்தை மொத்தமாக ஆலைக்காரர் வாங்கியபோது வேலிக்கு இந்தப் பக்கம் அவர்களின் பேரப்பிள்ளைகள். ரிசர்வ் என்ற ஊரில் 1969 முதல் நியோப்ரீன் ரப்பர் தயாரித்த ஆலை ஒன்று. அதிலிருந்து வரும் குளோரோப்ரீன் வாயு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஆலைக்குச் சில நூறு மீட்டர் தொலைவில் ஒரு தொடக்கப்பள்ளி. பாதுகாப்பான அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மைக்ரோகிராம் என்று மத்திய முகமை சொன்னது. அந்தப் பள்ளியருகே அதைப்போல் பல மடங்கு அளவானது. பெற்றோர்கள் பல வருடம் போராடிய பிறகு, கடைசியில் பள்ளி வாரியம் பள்ளியை மூட முடிவெடுத்தது. பிள்ளைகளை இடம் மாற்றுவது ஆலையைத் திருத்துவதைவிட எளிதாக இருந்தது. 2025இல் ஆலையும் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, நஷ்டம் என்று.

பக்கத்துச் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் ஷாரன் லவீன் என்ற ஆசிரியை 2018இல் தன் வீட்டு முன்னறையில் பத்துப் பேரோடு கூட்டம் போட ஆரம்பித்தார். 1.25 பில்லியன் டாலர் பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலை ஒன்று மறுவருடமே பின்வாங்கியது. 9.4 பில்லியன் டாலரில் வரவிருந்த இன்னொரு பெரிய பிளாஸ்டிக் வளாகத்தின் மேல் வழக்கு இழுபறியில் இருக்கிறது. அந்த வளாகத்துக்கான நிலத்தில் அடிமைகளின் கல்லறைகள் இருப்பது தெரியவந்தது. இந்த ஆலைகள் வந்திருந்தால் விடும் கரியமில வாயு செயின்ட் ஜேம்ஸ் எல்லையோடு நின்றிருக்காது. நம் கடலோரத்துக்கும் அதில் பங்கு உண்டு. பருவநிலை மாநாடுகளில் முடியாத ஒன்றை ஓர் ஆசிரியையின் முன்னறை செய்தது.

உள்ளூரில் கதவு சாத்தினால் கழிவு கப்பலேறும். 1986இல் பிலடெல்பியா நகரின் குப்பை எரித்த சாம்பல் சுமார் 14,000 டன்னை ஏற்றிக்கொண்டு கியான் சீ என்ற கப்பல் கிளம்பியது. எந்தத் துறைமுகமும் ஏற்கவில்லை. 1988 ஜனவரியில் ஹெய்ட்டி நாட்டில், உரம் என்று சொல்லி, கடற்கரையில் சுமார் 4,000 டன்னை இறக்கிவிட்டு ஓடியது. பிறகு பெயரை மாற்றி மாற்றிக் கடல் சுற்றியது. அந்த வருடக் கடைசியில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தபோது கப்பல் காலி. மீதிச் சாம்பல் போனது நடுக்கடலுக்குள். நச்சுக்கழிவை நாடு கடத்துவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தம் 1989இல் வந்ததற்கு இந்த மாதிரிக் கப்பல்களே காரணம்.

கழிவு மட்டுமா, ஆலையே கப்பலேறும். நியூயார்க் மாநிலம் வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் பழைய இயந்திரங்களை 1983 வாக்கில் கொடைக்கானல் மலைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். கண்ணாடியும் பாதரசமும் வெளிநாட்டிலிருந்து வரும், செய்து முடித்த வெப்பமானி வெளிநாட்டுக்கே போகும். இங்கே தங்கியது ஆவியும் கழிவும் மட்டும். தொழிற்சாலைக்குக் கீழே பாம்பார் சோலை. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிச் சில்லுகள் ஏழு டன்னுக்கு மேல், கிழிந்த சாக்குகளில் கிடந்ததை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் சேர்ந்து காட்டிக்கொடுத்தார்கள். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. வந்த வழியே கழிவு திரும்பிப் போவது அபூர்வம். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு, ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனி உடன்பாட்டுக்கு வர 2016 ஆனது. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தப்படுத்துவது என்பதில் அப்புறமும் சண்டை: தாய்க் கம்பெனி யூனிலீவரின் சொந்த நாடான பிரிட்டனில் குடியிருப்பு மண்ணுக்கு ஒரு அளவு, கொடைக்கானலுக்கு அதைவிடத் தளர்ந்த அளவா என்பதுதான் கேள்வி.

மறுபடி ஆஃப்டனுக்கு வருவோம். குழியைக் கட்டியபோது இது ஒருசொட்டுக்கூடக் கசியாது, உலர்ந்தே இருக்கும் என்றார்கள். 1993இல் பார்த்தால் உள்ளே லட்சக்கணக்கான காலன் தண்ணீர் தேங்கியிருந்தது. தொழில்நுட்பம் வந்ததும் விஷத்தை முறிப்போம் என்று 1982இல் ஆளுநர் ஜிம் ஹன்ட் வாக்குக் கொடுத்திருந்தார். ஊர் அதை மறக்கவில்லை. கடிதம், கூட்டம், குழு என்று இன்னும் பத்து வருடம் அலைந்து அந்த வாக்கை வசூலித்தது. சுமார் 1.8 கோடி டாலர் செலவில் வேலை 2003இல் முடிந்தது. சாலையோரத்தில் எண்ணெயை ஊற்றி மிச்சம்பிடித்த பணத்தின் கடைசிப் பாக்கி அது, கட்டியது வரிப்பணம். 2025 ஜனவரி 21 அன்று, கிளின்டனின் 12898ஆம் உத்தரவை அதிபர் டிரம்ப் ரத்து செய்தார். அடுத்த சில வாரங்களில் எந்த ஊரில் எவ்வளவு மாசு, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்த அரசின் வரைபடமும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது.

ஆஃப்டனில் தோண்டியெடுத்த மண்ணைச் சூடேற்றி விஷத்தைப் பிரித்தெடுத்தார்கள். சுத்தமான மண்ணை அதே குழியில் திரும்பக் கொட்டி மூடி, மேலே புல் விதைத்தார்கள்.